டிடி-214-இல் பணித்தன்மையைத் திருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

"ஆறு மாசம் போனா அது தானாவே ஹானரபிள் ஆயிடும்." அமெரிக்கப் படையிலிருந்து வெளியேற்றப்படும் பலரும் கேட்கும் பேச்சு இது. கையெழுத்து வாங்குகிறவரே சொல்லி அனுப்புவதும் உண்டு. தயவுசெய்து நம்பாதீர்கள். டிஸ்சார்ஜ் என்றால் படையிலிருந்து விடுவிப்பது. அதன் தரம்தான் பணித்தன்மை, அதில் ஹானரபிள் (மதிப்புக்குரியது) என்பதே உயர்ந்தது. விடுவிக்கும்போது தரப்படும் டிடி-214 என்ற சான்றுப் படிவத்தில் அது பதிவாகும். டிஸ்சார்ஜ் எதுவும் தானாக மாறுவதில்லை. நீங்கள் விண்ணப்பித்து, அதற்கென உள்ள வாரியம் படித்துப் பார்த்து, ஒப்புக்கொண்டால்தான் மாறும். இதை நம்பி வருடக்கணக்கில் காத்திருந்து காலக்கெடுவைத் தவறவிட்டவர்கள் நிறைய. அதனால்தான் முதல் வரியிலேயே சொல்கிறேன்.

அமெரிக்கப் படைகளில் நம்மவர்கள் இருக்கிறார்கள். குடியுரிமை இல்லாதவர்களைச் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்து சேர்ந்தவர்களும் உண்டு. ஆனால் டிஸ்சார்ஜ் சரியில்லை என்றால் நம் குடும்பங்களில் அதைப் பற்றிப் பேச்சே எழாது. அந்த மௌனத்திலேயே உரிமை போய்விடுகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் காகிதத்தைப் பாருங்கள்

டிடி-214 படிவத்தில் பல பிரதிகள் உண்டு. மெம்பர்-1 என்ற பிரதியில் பணித்தன்மை இருக்காது. உங்களுக்கு வேண்டியது மெம்பர்-4. அதன் அடிப்பகுதியில் 23 முதல் 30 வரையிலான கட்டங்கள் இருக்கும். 24ஆம் கட்டம் பணித்தன்மை. அதோடு நிறுத்தாதீர்கள். 26ஆம் கட்டத்தில் பிரிவுக் குறியீடு, 27இல் மறுபடியும் சேரலாமா என்பதைச் சொல்லும் ஆர்இ குறியீடு, 28இல் வெளியேற்றத்துக்கான காரணம் எழுத்தில் இருக்கும். 24இல் ஹானரபிள் என்று மாறியும், 28இல் 'மிஸ்கான்டக்ட்' (ஒழுங்கீனம்) என்றோ 'பெர்சனாலிட்டி டிஸார்டர்' (ஆளுமைக் கோளாறு) என்றோ நின்றுவிட்டால், வேலைக்கு எடுப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். விண்ணப்பத்தில் மூன்றையும் சேர்த்தே கேளுங்கள்: பணித்தன்மை, காரணம், ஆர்இ குறியீடு. கேட்காததை வாரியம் தானாகத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

24ஆம் கட்டத்தில் என்னென்ன இருக்கலாம்? ஹானரபிள் என்றால் பிரச்சினை இல்லை. ஜெனரல் என்றால் முன்னாள் வீரர்கள் துறையான விஏவின் மருத்துவமும் ஊனமுற்றோர் இழப்பீடும் பொதுவாகக் கிடைக்கும், ஜிஐ பில் படிப்புதவி கிடைக்காது. பலர் ஜெனரல் போதும் என்று இருந்துவிட்டு, கல்லூரிக்குப் போகும்போதுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். அதர் தேன் ஹானரபிள் என்பது நிர்வாக முறையில் தரப்படுவதிலேயே மோசமானது. பேட் கான்டக்ட், டிஸ்ஹானரபிள் இரண்டும் ராணுவ நீதிமன்றத் தண்டனையாக மட்டுமே வரும். சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே அனுப்பப்பட்டவர்களுக்கு 'அன்கேரக்டரைஸ்டு' (தரம் குறிக்கப்படாதது) என்று இருக்கும்.

படைச் சேவையின் பேரில் குடியுரிமை வாங்கியவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஐந்து ஆண்டு ஹானரபிள் சேவையை முடிக்கும் முன் அதர் தேன் ஹானரபிள் அல்லது அதைவிட மோசமான நிலையில் வெளியேற்றப்பட்டால், அந்தக் குடியுரிமையைத் திரும்பப் பெறச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இந்த நிலையில் இருப்பவர் வேறு எதுவும் செய்வதற்கு முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும்.

எந்த வாசலைத் தட்டுவது?

வாசல் இரண்டு. முதலாவது டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியம். இதற்கான படிவம் டிடி-293. வெளியேறிய நாளிலிருந்து 15 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தரைப்படை, கடற்படை, விமானப்படை, கடலோரக் காவல்படை என ஒவ்வொன்றுக்கும் தனி வாரியம் உண்டு. மரைன்கள் கடற்படை வாரியத்திடமும், விண்வெளிப் படையினர் விமானப்படை வாரியத்திடமும் போக வேண்டும். ஜெனரல் கோர்ட் மார்ஷல் (கடுமையான குற்றங்களுக்கான ராணுவ நீதிமன்றம்) கொடுத்த டிஸ்சார்ஜை இந்த வாரியம் தொடாது. அதற்கு அடுத்த நிலையிலுள்ள ஸ்பெஷல் கோர்ட் மார்ஷல் கொடுத்த பேட் கான்டக்டைக் கருணை அடிப்படையில் மட்டும் பார்க்கும்.

இரண்டாவது, ராணுவப் பதிவேடுகளைத் திருத்தும் வாரியம். படிவம் டிடி-149. இதன் அதிகாரம் பெரிது. பிழை தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் என்று கெடு இருந்தாலும், நியாயம் கருதி அதைத் தளர்த்த வாரியத்துக்கு உரிமை உண்டு. படிவத்திலேயே அதற்குக் காரணம் எழுத இடம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டுவிடாதீர்கள். 15 ஆண்டு தாண்டியவர்கள், ஜெனரல் கோர்ட் மார்ஷலில் தண்டிக்கப்பட்டவர்கள், முதல் வாரியத்தில் தோற்றவர்கள் எல்லோரும் இங்கேதான் வர வேண்டும். 15 ஆண்டுக்குள் இருப்பவர் முதல் வாசலைத் தாண்டி நேராக இங்கே வந்தால், முதலில் அங்கே போய்விட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வீரர் இறந்துவிட்டிருந்தால் மனைவியோ கணவரோ நெருங்கிய உறவினரோ விண்ணப்பிக்கலாம். இரண்டு வாரியத்துக்கும் கட்டணம் எதுவும் கிடையாது.

படிவத்துக்கு முன் பதிவேடு

ஆத்திரத்தில் படிவத்தை உடனே நிரப்பி அனுப்பத் தோன்றும். கெடு நெருங்காதவரை பொறுங்கள். உங்கள் கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எழுதுவது வீண் வேலை. நீங்கள் ஒன்று சொல்ல, கோப்பு வேறொன்று சொன்னால், வாரியம் கோப்பைத்தான் நம்பும். அரசு அதிகாரிகள் தங்கள் கடமையை ஒழுங்காகச் செய்திருப்பார்கள் என்று கருதித்தான் அவர்கள் படிக்கவே ஆரம்பிக்கிறார்கள். அது தவறு என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது.

செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் பதிவேடு மையத்துக்கு எஸ்எஃப்-180 படிவத்தில் எழுதலாம், இணையத்திலும் கேட்கலாம். 'டிடி-214 வேண்டும்' என்று மட்டும் கேட்டால் அதை மட்டும்தான் அனுப்புவார்கள். முழுப் பணிக் கோப்பு, வெளியேற்ற நடவடிக்கைக் கோப்பு, மருத்துவக் குறிப்புகள், மனநல ஆலோசனைக் குறிப்புகள் என்று தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ராணுவ நீதிமன்ற ஆவணங்கள் வேறு இடத்தில் இருக்கும். விஏவில் ஏற்கனவே ஏதாவது விண்ணப்பித்திருந்தால் அந்தக் கோப்பையும் வாங்குங்கள்.

1973 ஜூலை 12 அன்று அந்த மையத்தில் பிடித்த தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் அழிந்தன. 1960க்கு முன் தரைப்படையிலிருந்து வந்தவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. 1964க்கு முன் விமானப்படையிலிருந்து வந்தவர்களில் ஒரு பகுதியினரின் கோப்புகளும் இல்லை. தாத்தாவின் டிஸ்சார்ஜுக்காக முயல்பவர்கள் 'கோப்பு இல்லை' என்ற பதிலோடு நின்றுவிட வேண்டாம். பழைய கடிதங்கள், புகைப்படங்கள், மருத்துவமனைச் சீட்டுகள், கூட இருந்தவர்களின் வாக்குமூலம் எல்லாமே சான்றுதான்.

எதன் பேரில் கேட்பது?

மறுஆய்வு வாரியம் இரண்டு விஷயங்களைப் பார்க்கும். ஒன்று, நடைமுறை சரியா? விதிப்படி நோட்டீஸ் தந்தார்களா, வழக்கறிஞரைக் கலந்து பேச விட்டார்களா, விசாரணைக்கு உரிமை இருந்தும் மறுத்தார்களா? உங்கள் கையில் உள்ள வெளியேற்றக் கோப்பைத் தேதி தேதியாகப் படித்தால் இது தெரியும். இரண்டு, முடிவு நியாயமா? எல்லாம் விதிப்படி நடந்திருந்தாலும், செய்த தவறுக்கு அந்தத் தண்டனை அதிகம் என்று வாதிடலாம்.

2014 முதல் இந்த இரண்டாவது பகுதியில் பெரிய மாற்றம் வந்தது. அப்போதைய பாதுகாப்புச் செயலர் சக் ஹேகல், போர் அதிர்ச்சியான பிடிஎஸ்டி தொடர்பான மனுக்களைத் தாராள மனதோடு பார்க்க வேண்டும் என்று வாரியங்களுக்குக் குறிப்பு அனுப்பினார். வியட்நாம் போர்க் காலத்தில் பிடிஎஸ்டி என்ற நோய்ப் பெயரே கிடையாது. 1980இல்தான் அது மருத்துவ ஏட்டில் ஏறியது. பெயர் இல்லாத நோய்க்குச் சிகிச்சை கிடைக்கவில்லை, தண்டனைதான் கிடைத்தது. 2017 ஆகஸ்ட் 25 அன்று அதே பாதுகாப்புத் துறையிலிருந்து, குர்டா என்ற அதிகாரியின் பெயரில் வந்த குறிப்பு இதை இன்னும் விரித்தது. தலைக்காயம், மற்ற மனநலச் சிக்கல்கள், படையில் நேர்ந்த பாலியல் வன்முறை, பாலியல் தொல்லை எல்லாம் அதற்குள் வந்தன.

அந்தக் குறிப்பில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியின் உயிரே அந்த நான்கில்தான் இருக்கிறது. தவறுக்குக் காரணமாகவோ அதன் கனத்தைக் குறைப்பதாகவோ ஒரு நிலைமையோ அனுபவமோ உங்களுக்கு இருந்ததா? அது பணிக் காலத்தில் இருந்ததா? அது உண்மையிலேயே அந்தத் தவறின் கனத்தைக் குறைக்கிறதா? கடைசியாக, அந்த வெளியேற்றத்தைவிட அது எடை கூடியதா?

முதல் இரண்டுக்குப் பலரும் நன்றாகப் பதில் எழுதுகிறார்கள். நோய்ச் சான்று வைக்கிறார்கள், போருக்குப் போன கதையைச் சொல்கிறார்கள். மூன்றாவதில்தான் மனு படுத்துவிடுகிறது. நோய் ஒரு பக்கம், தவறு ஒரு பக்கம் என்று இரண்டும் ஒட்டாமல் நிற்கும். வாரியம் 'விண்ணப்பதாரருக்கு பிடிஎஸ்டி இருப்பதை ஏற்கிறோம், ஆனால் அதற்கும் இந்தத் தவறுக்கும் தொடர்பு காணவில்லை' என்று எழுதி மூடிவிடும். அந்தத் தொடர்பை நீங்கள்தான் எழுதிக் காட்ட வேண்டும்.

தொடர்பு எல்லாத் தவறுக்கும் ஒரே மாதிரி ஒட்டாது. அதிர்ச்சியை மறக்கக் குடித்தது, போதைப்பொருள் எடுத்தது, தாக்கியவர் இருக்கும் முகாமுக்குத் திரும்பப் பயந்து வராமல் இருந்தது, கத்தியது, மேலதிகாரியை எதிர்த்துப் பேசியது இவையெல்லாம் எளிதாக ஒட்டும். திட்டமிட்டுச் செய்த காரியத்துக்கு மனநிலையைக் காரணம் காட்டினால் பொதுவாக எடுபடாது என்று அதே குறிப்பு சொல்கிறது. அந்த மாதிரி வழக்கில் வேறு அடிப்படையைத் தேடுங்கள்.

அந்தக் காலத்தில் மருத்துவர் நோயைக் கண்டுபிடிக்கவில்லை என்பது தடையே இல்லை. உங்கள் சொந்த வாக்குமூலமே ஒரு சான்றாகலாம் என்று குறிப்பு ஒப்புக்கொள்கிறது. பாலியல் வன்முறையைப் புகார் செய்யாதவர்கள் இதைக் கவனியுங்கள். திடீரென்று வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டது, அதுவரை நன்றாக இருந்த மதிப்பீடு சட்டென்று சரிந்தது, கர்ப்பப் பரிசோதனை, பால்வினை நோய்ப் பரிசோதனை செய்துகொண்டது இப்படிப்பட்ட தடயங்களும் சான்றாக எடுத்துக்கொள்ளப்படும். ஹானரபிள் கிடைக்க அப்பழுக்கற்ற சேவை தேவையில்லை என்றும் அதில் எழுதியிருக்கிறது. அந்த வரியை உங்கள் மனுவில் மேற்கோளாகவே காட்டலாம்.

2018 ஜூலை 25 தேதியிட்ட வில்கி குறிப்பு வேறு வகையினருக்கு. நோயோ அதிர்ச்சியோ இல்லை, இளமையில் தவறு செய்தேன், அப்புறம் திருந்தி வாழ்கிறேன் என்பவர்களுக்கு இதுதான் ஆதாரம். எவ்வளவு காலம் கடந்தது, என்ன வேலை செய்தீர்கள், குற்றப் பதிவு இல்லாமல் இருந்தீர்களா, அந்தத் தவறுக்கு இன்று இதே தண்டனை கிடைக்குமா என்று பார்ப்பார்கள். ஓரினச் சேர்க்கையாளர் என்ற ஒரே காரணத்தால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு 2011 செப்டம்பர் 20 அன்று வந்த ஸ்டான்லி குறிப்பு இருக்கிறது. வேறு குற்றம் எதுவும் சேர்ந்திராவிட்டால் பணித்தன்மையையும் காரணத்தையும் மாற்றித் தருவதே வழக்கம்.

வாக்குமூலத்தை எழுதுவது

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஆப்கானிஸ்தானில் ஓட்டுநராக இருந்த ஒரு வீரர். கற்பனைதான், ஆனால் இப்படிப்பட்ட கோப்புகள் ஏராளம். அவர் வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்: "நான் என் நாட்டுக்காக உண்மையாக உழைத்தேன். ஒரே ஒரு தவறுக்காக என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டார்கள். தயவுசெய்து இரக்கம் காட்டுங்கள்."

இதில் வாரியம் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. அதே ஆள் இப்படி எழுதலாம்: "மார்ச் மாதம் எங்கள் வண்டிக்கு முன்னால் போன வண்டி வெடித்தது. அதில் இருந்த இருவரை நான் வெளியே இழுத்தேன். அதுவரை என்மேல் ஒரு புகார்கூட இல்லை. இணைப்பு 3இல் உள்ள மதிப்பீட்டைப் பார்க்கவும். ஊர் திரும்பியபின் இரவில் தூங்க முடியவில்லை. விடியும்வரை குடித்தேன். அதனால் ஜூலையிலும் ஆகஸ்டிலும் காலை அணிவகுப்புக்கு வரவில்லை. செப்டம்பரில் தூக்கத்துக்காகக் கஞ்சா புகைத்தேன், பரிசோதனையில் பிடிபட்டேன். அது தவறு என்று அப்போதே தெரியும். ஆகஸ்ட் 14 அன்று மருத்துவப் பிரிவில் தூக்கமின்மை என்று சொல்லியிருக்கிறேன், இணைப்பு 5."

இரண்டாவதில் தேதி இருக்கிறது, முன்னும் பின்னும் தெரிகிறது, ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காகிதம் நிற்கிறது. தவறை மறைக்கவும் இல்லை. கோப்பில் இருக்கும் குற்றம் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எடுத்து, அதன் பக்கத்திலேயே விளக்கத்தை வையுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் வாரியம் அதைத்தான் பிடிக்கும். இரண்டு மூன்று பக்கம் போதும். தமிழில் யோசித்து எழுதிவிட்டு, ஆங்கிலத்துக்கு மாற்றும்போது யாரிடமாவது காட்டிச் சரிபாருங்கள். ஆனால் சொந்தக் குரலை அழகுபடுத்திக் கெடுத்துவிடாதீர்கள்.

கூட இருந்தவர்களின் கடிதத்துக்கும் இதே விதி. 'அவர் நல்ல மனிதர்' என்று பத்துப் பேர் எழுதுவதைவிட, 'வெடிப்புக்குப் பிறகு அவன் கதவைப் பார்த்தபடிதான் உட்காருவான், சாப்பாட்டுக் கூடத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டான்' என்று ஒருவர் எழுதுவது மேல். அம்மா, மனைவி, அண்ணன் எழுதலாம்: போகும்போது எப்படி இருந்தான், வந்தபோது எப்படி இருந்தான் என்று. நம் வீடுகளில் இதை எழுதக் கூச்சப்படுவார்கள். கேட்டு வாங்குங்கள். எழுதுபவர் யார், எப்படித் தெரியும், எதைக் கண்ணால் பார்த்தார் என்பது முதல் பத்தியிலேயே இருக்கட்டும்.

மருத்துவரின் கடிதம் மிக முக்கியம். நோயின் பெயரை மட்டும் எழுதி வாங்கி வராதீர்கள். உங்கள் பணிக் கோப்பைப் படித்துவிட்டு, இந்த நோய் அந்தக் காலத்திலேயே இருந்திருக்க வாய்ப்பு அதிகம், இன்ன தவறு அதன் விளைவு என்று மருத்துவரையே எழுதச் சொல்லுங்கள். விஏ உங்கள் நோயைப் பணித் தொடர்புடையது என்று ஏற்றிருந்தால் அந்த முடிவையும் வையுங்கள்.

எழுதும் முன் ஒரு மாலையை ஒதுக்கி வாரியங்களின் பழைய தீர்ப்புகளைப் படியுங்கள். பெயர்களை நீக்கிவிட்டு இணைய வாசிப்பறையில் போட்டிருக்கிறார்கள். உங்கள் வழக்கைப் போன்ற ஒன்றில் ஏன் ஜெயித்தார்கள், ஏன் தோற்றார்கள் என்பது வாரியத்தின் சொந்த வார்த்தையிலேயே கிடைக்கும்.

அனுப்புவதும் விசாரணையும்

மறுஆய்வு வாரியத்தில் ஆவணங்களை மட்டும் பார்க்கச் சொல்லலாம், இல்லாவிட்டால் நேரில் பேச வாய்ப்புக் கேட்கலாம். இப்போது பெரும்பாலும் வீடியோவிலோ தொலைபேசியிலோ நடக்கிறது. 15 ஆண்டுக் கெடுவுக்கு இன்னும் நேரம் இருந்தால் முதலில் ஆவண ஆய்வைக் கேளுங்கள். தோற்றால் அப்புறம் விசாரணை கேட்கலாம், ஆக இரண்டு வாய்ப்பு. நேராக விசாரணைக்குப் போனால் ஒன்றுதான். கெடு மிக நெருங்கிவிட்டால் விசாரணையே நல்லது. உங்களைப் பார்த்து, நீங்கள் பேசுவதைக் கேட்டு எடுக்கும் முடிவு வேறு.

விசாரணையில் கேள்விகள் கடுமையாகத் தோன்றலாம். படைப்பிரிவில் நின்று பதில் சொல்வது மாதிரி சுருக்கமாகச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் குறையில்லை. பிடிஎஸ்டியோ தலைக்காயமோ காரணம் என்று சொல்லியிருந்தால் வாரியத்தில் மனநல நிபுணர் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

திருத்த வாரியத்தில் பெரும்பாலும் காகிதம்தான், நேரடி விசாரணை அபூர்வம். மருத்துவ ஆலோசகரின் கருத்தை வாங்கி உங்களுக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அந்தத் தபாலை அலட்சியம் செய்யாதீர்கள். உங்களுக்கு எதிரான கருத்தாக இருந்தால், குறித்த நாளுக்குள் அதை வரிக்கு வரி மறுத்து எழுதுவது முடிவையே மாற்றலாம். முகவரி மாறினால் உடனே தெரிவியுங்கள். பதில் வர பல மாதம் ஆகும், ஓராண்டைத் தாண்டுவதும் சகஜம்.

இதற்கெல்லாம் தனியாளாக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அமெரிக்கன் லீஜியன், டிஏவி போன்ற முன்னாள் வீரர் அமைப்புகளும், சட்டக் கல்லூரிகளின் இலவச உதவி மையங்களும், தேசிய முன்னாள் வீரர் சட்டச் சேவைத் திட்டமும் உதவுகின்றன. எந்தப் படிவம், எந்த வாரியம் என்று தெரியாவிட்டால் விஏ இணையதளத்தில் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் அதுவே காட்டிவிடும். 'நிச்சயம் மாற்றித் தருகிறோம்' என்று முன்பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். முடிவு வாரியத்தின் கையில், யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

தோற்றால்

புதிய சான்று கிடைத்தால் திருத்த வாரியத்திடம் மறுபரிசீலனை கேட்கலாம். பழைய காகிதத்தையே திரும்ப அனுப்பினால் பயனில்லை. 2014க்கு முன் மறுக்கப்பட்டவர்கள் மேலே சொன்ன குறிப்புகளின் அடிப்படையில் மறுபடி கேட்பது நிச்சயம் முயலத்தக்கது. 2019 டிசம்பர் 20 அன்றோ அதற்குப் பிறகோ வெளியேறி, இரண்டு வாரியத்திலும் தோற்றவர்களுக்கு டிஸ்சார்ஜ் மேல்முறையீட்டு மறுஆய்வு வாரியம் என்று மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. அதையும் தாண்டினால் கூட்டாட்சி நீதிமன்றம். அதற்கு வழக்கறிஞர் அவசியம்.

விஏ தனிப் பாதை

இந்த மனு நிலுவையில் இருக்கும்போதே விஏவிடம் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அதர் தேன் ஹானரபிள் என்றால் விஏ கதவு மூடியது என்று நினைத்து வீட்டிலேயே இருப்பவர்கள் பலர். அப்படி இல்லை. உங்கள் சேவை உதவிக்குத் தகுதியானதா என்று விஏ தானே ஆராய்ந்து முடிவு செய்யும். 2024 ஜூன் முதல் அந்த விதிகளும் தளர்ந்திருக்கின்றன. விஏ சாதகமாகச் சொன்னாலும் டிடி-214 மாறாது, அதற்கு வாரியம்தான். ஆனால் சிகிச்சை கிடைக்கும். அந்தச் சிகிச்சைக் குறிப்புகள் மனுவுக்கும் சான்றாகும். மனம் உடைந்து, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் அமெரிக்காவில் 988 அழைத்து 1ஐ அழுத்துங்கள். உங்கள் டிஸ்சார்ஜ் எதுவாக இருந்தாலும் பேசுவார்கள்.

ஜெயித்தபின்

புதிய டிடி-214 வரும். வந்த அன்றே 24, 26, 27, 28 நான்கு கட்டங்களையும் தீர்ப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றை மாற்றி இன்னொன்றை மறந்துவிடுவது நடக்கிறது. ஹானரபிள் ஆகிவிட்டால் ஜிஐ பில்லுக்கும், முன்பு மறுக்கப்பட்ட மற்ற உதவிகளுக்கும் புதிய பிரதியோடு மறுபடி விண்ணப்பியுங்கள். விஏ தானாகக் கூப்பிடாது. பழைய டிடி-214ஐ எப்போதாவது கவுன்ட்டி பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்தால் அங்கேயும் போய்ப் புதியதைப் பதியுங்கள். இல்லாவிட்டால் பழையதன் நகலையே அவர்கள் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.